கேள்வி வேண்டாம், கோப்பைக் கேளுங்கள்

ஆர்டிஐ மனு, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரசு அலுவலகத்திடம் தகவல் கேட்கும் மனு, எழுத உதவி கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கோபத்தோடுதான் வருவார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் அது அப்படியே மனுவிலும் ஏறிவிடுகிறது. “எங்கள் தெருவில் ஏன் இன்னும் கால்வாய் கட்டவில்லை? மக்கள் வரிப்பணத்தைத் தின்றது யார்? சம்பந்தப்பட்ட அதிகாரி மீது எப்போது நடவடிக்கை எடுப்பீர்கள்?” என்று மூன்று பக்கம் எழுதி எடுத்து வருவார்கள். அதை அப்படியே அனுப்பினால் ஒரு மாதம் கழித்து ஒரே வரியில் பதில் வரும்: “தாங்கள் கோரியது தகவல் என்ற வரையறைக்குள் வரவில்லை.” எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் சட்டப்படி அந்த வரியில் குறை சொல்ல இடமில்லை.

நாங்கள் சிலர் சேர்ந்து வாரம் ஒரு நாள் மேசை போட்டு உட்கார்ந்து இந்த மனுக்களை எழுதிக்கொடுத்து வருகிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பொதுப்பணியில் ஓவர்சியராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர், கல்லூரி முடித்த இரண்டு பெண்கள், நான். சங்கம், பதிவு எண், ரசீதுப் புத்தகம் எதுவும் கிடையாது. மனுவில் ஒட்டும் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பை அவரவரே வாங்கி வரவேண்டும் என்பது எங்கள் பழக்கம். அந்தப் பத்து ரூபாயை நாங்கள் போட்டால் மனு எங்களுடையதாகிவிடுகிறது. பதில் வந்ததா என்று கேட்கக்கூட அவர் திரும்பி வரமாட்டார். (வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர் அதற்கான சான்றை இணைத்தால் சட்டமே கட்டணத்தை விலக்கிவிடுகிறது.)

மேசையில் முதலில் நடப்பது மனு எழுதுவது அல்ல, பேச்சுதான். எந்த முடிவு, எந்த வேலை, எந்தப் பணம் என்று கேட்டுக் கேட்டு, அதற்கு அலுவலகத்தில் என்ன காகிதம் இருந்தாக வேண்டும் என்று கண்டுபிடிப்போம். சட்டம் நமக்குக் கொடுத்திருப்பது அரசிடம் ஏற்கெனவே இருக்கும் பதிவைப் பார்க்கும் உரிமை. அதிகாரியைக் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமையை அது தரவில்லை. 2011-ல் சிபிஎஸ்இ எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அலுவலகத்தின் கையில் உள்ளதைத் தரவேண்டும். இல்லாததைப் புதிதாகத் திரட்டித் தரவோ, கருத்துச் சொல்லவோ கடமையில்லை. தேர்வு எழுதிய மாணவர் தன் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று வழி திறந்ததும் இதே தீர்ப்புதான். ஒரு கதவை மூடும்போது இன்னொன்றைத் திறந்த தீர்ப்பு என்பதால் எனக்கு அதன் மேல் பெரிய வருத்தமில்லை.

ஒரு அம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை திடீரென்று நின்றுவிட்டது. “ஏன் நிறுத்தினாங்கன்னு கேட்டு எழுதுப்பா” என்றார். ஏன் என்ற கேள்வியை எடுத்துவிட்டு இப்படி எழுதினோம்: என் உதவித்தொகையை நிறுத்திய ஆணையின் நகல், ஆணை எண், தேதி. அதற்கு அடிப்படையான கள விசாரணை அறிக்கையின் நகல். அந்த அறிக்கையை அளித்த அலுவலரின் பதவிப் பெயர். நிறுத்துவதற்கு முன் எனக்கு அனுப்பிய அறிவிப்பின் நகல், அது எனக்குக் கிடைத்ததற்கான ஒப்புகை. எழுத்துபூர்வ பதில் வருவதற்கு முன்பே பணம் வந்துவிட்டது. கள விசாரணை என்று ஒன்று நடந்ததாகக் கோப்பில் தாளே இல்லை என்று பிறகு தெரிந்தது. நாங்கள் மேல்முறையீடு போய் அதை எழுத்தில் வாங்க ஆசைப்பட்டோம். அந்த அம்மா சிரித்துவிட்டார். “எனக்குக் காகிதம் எதுக்குப்பா? காசு வந்தாச்சு, விடு.”

இந்த வேலைக்கு வருகிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பிரச்சாரம் செய்கிற நமக்கு ஆவணம் வேண்டும். வருகிறவருக்குப் பென்ஷன் வேண்டும், பட்டா வேண்டும், ரேஷன் அட்டை வேண்டும். அவர் மனு அவருக்காக. நமக்கு ஆவணம் தேவையென்றால் நம் பெயரில் தனியாகப் போட வேண்டும். முதியவரை முன்னால் நிறுத்தி நம் கொள்கைக்கு வழக்கு நடத்துவது நாணயமில்லாத வேலை.

சாலை, கால்வாய், கட்டடம் என்றால் கேட்க வேண்டிய காகிதங்களின் வரிசை ஏறத்தாழ எப்போதும் ஒன்றுதான். நாங்கள் எழுதிக்கொடுப்பது இப்படி இருக்கும்:

“... தெருவில் ... நிதியாண்டில் மேற்கொள்ளப்பட்ட மழைநீர் வடிகால் பணி தொடர்பாக, நிர்வாக அனுமதி மற்றும் தொழில்நுட்ப அனுமதி ஆணைகளின் நகல். விரிவான மதிப்பீட்டின் நகல். பணி ஆணையின் நகல். அளவீட்டுப் புத்தகத்தில் இப்பணிக்குரிய பக்கங்களின் சான்றிட்ட நகல். தரப் பரிசோதனை அறிக்கையின் நகல். ஒப்பந்ததாரருக்குத் தொகை வழங்கிய பட்டியல்கள் மற்றும் வவுச்சர்களின் நகல் ஆகியவற்றை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

அடைமொழி கிடையாது, குற்றச்சாட்டு கிடையாது. ஏன் கேட்கிறோம் என்று சொல்லவே வேண்டாம். 6(2) பிரிவு அதைக் கேட்கக்கூடாது என்றே சொல்கிறது. ஒரு மனுவில் ஒரு பொருள்தான். ந.க. எண் (அலுவலகம் கோப்புக்கு இடும் எண்) தெரிந்திருந்தால் அதைக் குறிப்பிடுவது பெரிய பலம், கோப்பைக் காணவில்லை என்று சொல்வது அதற்குப் பிறகு அவ்வளவு சுலபமில்லை. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் பாதகமில்லை. 6(3) பிரிவின்படி 5 நாளில் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. கையெழுத்து மட்டும் தனிமனிதராகப் போடுங்கள். உரிமை குடிமக்களுக்கு என்றுதான் சட்டம் சொல்கிறது. “செயலாளர், மக்கள் நலச் சங்கம்” என்று முத்திரை குத்தினால், திருப்பி அனுப்பக் காரணம் தேடுகிறவருக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

ஓவர்சியர் ஐயா வந்த பிறகுதான் எங்கள் மேசைக்கு உயிர் வந்தது என்று சொல்லலாம். அதுவரை நகல்கள் வரும், அடுக்கி வைப்போம், எங்களுக்கு அதில் ஒன்றும் புரியாது. அளவீட்டுப் புத்தகத்தை, அவர் பாஷையில் எம்-புக்கை, எப்படிப் படிப்பது என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். எண்ணிக்கை, நீளம், அகலம், கனம், மொத்த அளவு என்று கட்டங்கள். பக்க எண் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. ஓர் எண்ணை அடித்துத் திருத்தினால் பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும். “மொத்தத் தொகையப் பாக்காதீங்க. அத சரியாத்தான் கூட்டியிருப்பான். நீளத்தப் பாருங்க. அப்புறம் தெருவுக்குப் போய் டேப்பப் பிடிங்க” என்பார்.

அப்படித்தான் ஒரு வடிகாலின் நீளம் அது ஓடும் தெருவின் நீளத்தை விட அதிகமாக இருப்பதைப் பார்த்தோம். டேப்பின் ஒரு முனையைப் பிடித்தது அந்தத் தெருக்காரர்கள். இன்னொரு முனையையும் அவர்களே பிடித்தார்கள். நாங்கள் படம் எடுத்ததோடு சரி. பிறகு நடந்தது வேடிக்கை. யார் மீதும் நடவடிக்கை வரவில்லை. ஆனால் பக்கத்துச் சந்தில் அவசர அவசரமாக மீதி நீளத்துக்கு வடிகால் முளைத்துவிட்டது. இதை வெற்றி என்பதா, கண்துடைப்பு என்பதா என்று எங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை உண்டு. ஆசிரியை அம்மா கண்துடைப்பு என்பார். சந்துக்காரர்களைக் கேட்டால் அவர்கள் வேறு சொல்வார்கள்.

நகல் கேட்பதைவிட நேரில் போய்க் கோப்பைப் பார்ப்பது பல மடங்கு மேல். 2(ஜே) பிரிவு ஆவணங்களைப் பார்வையிடவும், குறிப்பெடுக்கவும், சான்றிட்ட நகல் பெறவும் உரிமை தருகிறது. நடக்கும் பணியைப் பார்வையிடலாம், பயன்படுத்திய பொருளின் மாதிரியைக்கூடச் சான்றிட்டுக் கேட்கலாம். மாதிரி கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதே இல்லை. நகல் என்று கேட்டால், நாம் பெயர் சொன்ன காகிதம் மட்டும் வரும். கோப்பைப் பார்த்தால் நமக்குத் தெரியாத காகிதமும் கண்ணில் படும். கோப்பில் இரண்டு பாகம் இருக்கும்: நடப்புக் கோப்பு, குறிப்புக் கோப்பு. கடிதங்கள், ஆணைகள் எல்லாம் முதலாவதில். யார் என்ன யோசனை சொன்னார், யார் வேண்டாம் என்று எழுதினார், அதை யார் ஒதுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார் என்பதெல்லாம் இரண்டாவதில். ஆகவே மனுவில் “குறிப்புக் கோப்பு உட்பட” என்ற மூன்று சொல்லை விட்டுவிடாதீர்கள். இருவராகப் போங்கள், ஒருவர் புரட்ட, ஒருவர் எழுத. பக்க எண்களை வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள், இடையில் ஒரு எண் விட்டுப்போயிருந்தால் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். கைபேசியில் படமெடுக்க அனுமதி வேண்டும் என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். வெளியே வருமுன், பார்வையிட்ட கோப்புகளின் எண்களை ஒரு தாளில் எழுதி அலுவலரிடம் கையெழுத்து வாங்குவது எங்கள் வழக்கம். பலர் போட்டுத் தருகிறார்கள். மறுத்தால் அன்றைக்கே தபாலில் அந்தப் பட்டியலை அவருக்கே அனுப்பிவிடுவோம்.

அலுவலகத்தில் நமக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து மனுவுக்குப் பதில் தருபவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொதுத் தகவல் அலுவலர் என்றால் ஏதோ தனிப்பதவி என்று நினைப்பார்கள். வழக்கமான வேலைகளோடு இதையும் தலையில் கட்டிவிட்ட இடைநிலை அலுவலர்தான் அவர். கோப்பு அவரிடம் இருக்காது, வேறு பிரிவில் இருக்கும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் என்று 20-ஆம் பிரிவில் விதிக்கும் அபராதம் அவர் சம்பளத்திலிருந்து போகும். மேலே இருப்பவர் தரவேண்டாம் என்பார், மேல்முறையீட்டை விசாரிக்கும் தகவல் ஆணையம் ஏன் தரவில்லை என்று கேட்கும். ஒருமுறை அப்படிப்பட்ட ஒருவர் எங்களிடம் தணிந்த குரலில் சொன்னார்: “சார், பிரிவு நம்பர் போட்டு, கோப்பு நம்பர் போட்டு எழுத்துல குடுங்க. அத மேல காட்டித்தான் நான் கோப்ப வாங்க முடியும்.” அவர் சொன்னது எங்களுக்கு நிறையப் பயன்பட்டது. 5(4), 5(5) பிரிவுகளின்படி அவர் உதவி கேட்கும் எந்த அலுவலரும் உதவியாக வேண்டும், உதவாவிட்டால் பொறுப்பு அவர் மேலும் விழும். இதை மனுவின் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டால், கோப்பு வைத்திருப்பவரிடம் பேச அந்த நடு மனிதருக்கு ஒரு பிடி கிடைக்கிறது.

காலக்கெடுக்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லாருக்கும் தெரிந்தவைதான். 30 நாளில் பதில். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். பதிலே வராவிட்டால் அது மறுப்புக்குச் சமம். அடுத்த 30 நாளுக்குள் 19(1)-இன் கீழ் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணமில்லை. அதிலும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் 19(3)-இன் கீழ் தகவல் ஆணையத்துக்கு. கெடு தாண்டிவிட்டால் தகவலை இலவசமாகத் தரவேண்டும் என்று 7(6) சொல்கிறது, மேல்முறையீட்டில் இதை எழுத மறந்துவிடுகிறார்கள். எழுதாவிட்டால் நகலுக்குப் பக்கம் 2 ரூபாய் வீதம் கட்டச் சொல்லிக் கடிதம் வரும்.

ஒரு பொறி உண்டு. கோபத்தில் நேராக 18-ஆம் பிரிவில் ஆணையத்துக்குப் புகார் அனுப்புவது. தலைமைத் தகவல் ஆணையர் எதிர் மணிப்பூர் மாநிலம் என்ற 2011-ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன்படி, 18-இன் கீழ் அபராதம் விதிக்கலாம், தகவலைத் தரும்படி உத்தரவிட முடியாது. தகவல் வேண்டுமென்றால் 19-ஆம் பிரிவு வழியாகத்தான் போக வேண்டும். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து விசாரணைக்குப் போய், “நீங்கள் போட்டது 18” என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆண்டுக்கணக்கு என்பது மிகையில்லை. நாடு முழுவதும் தகவல் ஆணையங்களில் தேங்கிக் கிடக்கும் மேல்முறையீடுகளும் புகார்களும் 4 லட்சத்துக்கும் மேல் என்று சதர்க் நாகரிக் சங்கடன் என்ற குடிமக்கள் அமைப்பு 2024-ல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. காலி இடங்களை உரிய காலத்தில் நிரப்பச் சொல்லி 2019 பிப்ரவரியில் அஞ்சலி பரத்வாஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டில்தான் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் மத்திய அரசே தீர்மானிக்கும்படி சட்டம் திருத்தப்பட்டது. இதையெல்லாம் மேசைக்கு வருகிறவரிடம் விளக்கினால் அவர் எழுந்து போய்விடுவார். நாங்கள் செய்வது இதுதான்: இரண்டாம் மேல்முறையீட்டை விட்டுவிடாமல் போட்டு வைப்பது, கூடவே அதே விஷயத்தை இன்னும் குறுக்கி, வேறு அலுவலகத்தில் அதன் நகல் இருக்குமா என்று யோசித்துப் புது மனு போடுவது. அரசில் ஒரு காகிதம் ஒரே இடத்தில் இருப்பது அபூர்வம். பணி ஆணையின் நகல் மாவட்டத்துக்குப் போயிருக்கும், தணிக்கைத் துறையில் ஆட்சேபணைக் குறிப்பு இருக்கும், நிதி கொடுத்த துறையில் பயன்பாட்டுச் சான்றிதழ் இருக்கும். ஒரு இடத்தில் “கோப்பு கிடைக்கவில்லை” என்று சொன்ன காகிதம் இன்னொரு இடத்தில் தூசி தட்டாமலே கிடைத்திருக்கிறது.

சரி, காகிதம் வந்தாயிற்று. பல குழுக்கள் இங்கேதான் சோர்ந்துபோகின்றன. நிருபருக்கு அனுப்புவார்கள், ஒரு நாள் செய்தி வரும், முடிந்தது. எங்களுக்கு வழிகாட்டி ராஜஸ்தானின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன். அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் முதலானோர் தேவ்துங்ரி கிராமத்தைத் தளமாகக் கொண்டு 1990-ல் தொடங்கிய அமைப்பு. 1994 டிசம்பரில் கோட் கிரானாவில் அவர்கள் நடத்திய முதல் மக்கள் விசாரணையில் செய்தது ஒரே காரியம்: கூலிப் பட்டியலை ஊர் நடுவில் உரக்க வாசித்தார்கள். யார் பெயரில் கூலி எழுதியிருக்கிறதோ அவரே எழுந்து நின்று வேலை செய்தேனா இல்லையா என்று சொன்னார். நகல் எடுக்கும் உரிமை கேட்டு 1996-ல் பியாவரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். அந்தப் போராட்டம் தேசிய அளவுக்கு வளர்ந்து, 2005-ஆம் ஆண்டுச் சட்டமாக அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்தது.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது நம் கதை. இந்தியாவில் முதன்முதலில் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடுதான், 1997-ல். அதில் விலக்குகள் மலிந்து கிடந்தன, பின்னால் மக்கள் இயக்கம் என்று ஒன்றும் இல்லை. அப்படி ஒரு சட்டம் இருந்தது என்பதே இன்று மேசைக்கு வருகிறவர்களுக்குத் தெரியாது. முதலில் இயற்றினோம் என்று பெருமைப்பட்டுக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

நாங்களும் வாசிக்கிறோம். கிராம சபையில், நகரமென்றால் பகுதி சபையில், அதுவும் கூடாதபோது தெருமுனையில். வாசிப்பதற்குச் சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறோம். ஆவணத்தில் உள்ளதை மட்டும் வாசிப்பது, ஒரு சொல்லும் சேர்க்காமல். பொறியாளருக்கும் வார்டு உறுப்பினருக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுத்து அழைப்பது. அவர் வந்து ஏதாவது விளக்கம் சொன்னால் அதையும் அதே குரலில் வாசிப்பது. “திருட்டு” என்ற சொல் ஒலிபெருக்கியில் நம் வாயிலிருந்து வரக்கூடாது. அவதூறு வழக்கு பயம் ஒரு பக்கம், அதைவிட முக்கியமாக அந்தச் சொல் வந்ததும் கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும், ஆவணம் காற்றில் போய்விடும். ஒருமுறை சிறுபாலங்களின் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி கேட்டார், “எங்க வீட்டு வாசல்ல பாலம் கட்டியிருக்குன்னா நான் ஏன்டா இன்னும் பலகை மேல நடக்குறேன்?” அதற்கு மேல் நாங்கள் சொல்ல என்ன இருக்கிறது.

பாதுகாப்பைப் பற்றி வீரமாகப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. 2010-ல் மட்டும் புனேயில் சதீஷ் ஷெட்டி, குஜராத்தில் அமித் ஜேத்வா என்று தகவல் கேட்டுப் போராடியவர்கள் கொல்லப்பட்டார்கள். முறைகேட்டை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்கும் சட்டம் 2014-ல் இயற்றப்பட்டும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமல் கிடக்கிறது. ஆகவே மணல், நிலம், குவாரி என்று பெரிய பணம் புழங்கும் விஷயத்தில் ஒருவர் தனியாக மனு போட நாங்கள் எழுதிக்கொடுப்பதில்லை. ஒரே மனுவை வெவ்வேறு முகவரிகளிலிருந்து பலர் போடுவார்கள். பதில் வந்ததும் நகல்கள் பல கைகளுக்குப் போய்விடும். ஒருவரை மிரட்டி அடக்கினால் காகிதம் அடங்கிவிடும் என்ற நிலை இருக்கக்கூடாது. முகவரிக்குப் பதிலாகத் தபால் பெட்டி எண் போதும் என்று 2013-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெண்கள் போடும் மனுவில் கைபேசி எண் எழுதவே வேண்டாம் என்று சொல்லிவிடுவோம், சட்டமும் அதைக் கட்டாயமாக்கவில்லை. இன்னொரு வகை ஆபத்தும் உண்டு: பதிலை வாங்கி வைத்துக்கொண்டு ஒப்பந்ததாரரிடம் பேரம் பேசுகிறவர்கள். அப்படி ஒருவர் எங்கள் மேசையைப் பயன்படுத்தப் பார்த்தார். அதன் பிறகு, எழுதிக்கொடுக்கும் மனுவுக்கு வரும் பதில் பொதுவில் வாசிக்கப்படும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம், தன் சொந்த விஷயமாகக் கேட்பவரைத் தவிர.

மனு மேல் மனு போட்டுக்கொண்டே இருப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமும் இல்லை. 4(1)(பி) பிரிவு ஒவ்வொரு அலுவலகமும் தன் அதிகாரங்கள், விதிகள், வரவுசெலவு, மானியம் பெறுவோர் விவரம் என 17 தலைப்புகளில் தானே முன்வந்து வெளியிட வேண்டும் என்கிறது. சட்டம் வந்த 120 நாளுக்குள் முதல் வெளியீடு முடிந்திருக்க வேண்டும். பல அலுவலக இணையதளங்களில் அந்தப் பக்கத்தைத் திறந்தால், எப்போதோ ஓய்வுபெற்றவர்களின் தொலைபேசி எண்கள்தான் இருக்கும். எங்களுக்கு அடிக்கடி வரும் மனுக்கள் எந்தப் பொருளில் என்று பார்த்து, அந்தப் பொருளையே 4(1)(பி)-இன் கீழ் வெளியிடும்படி கேட்கத் தொடங்கினோம். மாதாமாதம் பணிகளின் பட்டியலை, தொகையோடும் ஒப்பந்ததாரர் பெயரோடும், அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்தது இப்படித்தான். அதற்கு வாதமெல்லாம் பெரிதாகத் தேவைப்படவில்லை. “நீங்களே ஒட்டிவிட்டால் எங்கள் மனு குறையும்” என்றோம், பதில் எழுதிக் களைத்தவர்களுக்குக் கணக்கு உடனே புரிந்தது. ராஜஸ்தானில் 2019-லிருந்து ஜன் சூச்னா என்ற இணையதளத்தில் பல துறைகளின் பயனாளிப் பட்டியலும் பணி விவரமும் யாரும் மனு போடாமலே பார்க்கக் கிடைக்கின்றன. எந்த மாநிலத்திலும் இப்படிக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

இப்போது வழியில் பெரிய கல்லாகக் கிடப்பது, தகவல் தர மறுக்க இடம் தரும் விலக்குகளில் ஒன்றான 8(1)(ஜே). முன்பு அது, பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத அல்லது அந்தரங்கத்தில் தேவையில்லாமல் நுழையும் தனிப்பட்ட தகவலை மட்டும் தடுத்தது. நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக்கூடாது என்ற விதியும் கூடவே இருந்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் 44(3) பிரிவால் இதையெல்லாம் எடுத்துவிட்டு, தனிப்பட்ட தகவல் என்றாலே விலக்கு என்று வைத்துவிட்டது. பயனாளிப் பட்டியல், கூலிப் பட்டியல், ஒப்பந்ததாரர் பெயர் என்று எதில்தான் பெயர் இல்லை? பெயர் இருப்பதையெல்லாம் மறுக்க விரும்பும் அலுவலருக்கு இது ரெடிமேடு பதில்.

இதற்கு நாங்கள் இரண்டு வழியில் எழுதிப் பார்க்கிறோம். ஒன்று, பெயரை விட்டுவிட்டு எண்ணிக்கையைக் கேட்பது. தேர்தல் பத்திர விஷயத்தில், அதாவது கட்சிகளுக்குப் பெயர் வெளியே தெரியாமல் நன்கொடை தர விற்ற பத்திரங்கள் விஷயத்தில், கடற்படையில் ஓய்வுபெற்ற கமடோர் லோகேஷ் பத்ரா ஆண்டுக்கணக்கில் செய்தது இதுதான். யார் வாங்கினார் என்பது கிடைக்காத காலத்தில், எத்தனை பத்திரம் விற்றது, எந்த மதிப்பில் விற்றது, அச்சடிக்க ஆன செலவை யார் ஏற்றது என்று சலிக்காமல் மனு போட்டு எண்களை வாங்கிச் சேர்த்தார். விற்றதில் பெரும்பகுதி ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்கள் என்பது அப்படித்தான் வெளியே வந்தது. சாமானியன் வாங்குகிற பத்திரமா அது? 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தையே, வாக்காளரின் தகவல் உரிமையை மீறுகிறது என்று ரத்து செய்தது. எங்கள் அளவில் இதைச் செய்து பார்த்தோம்: உதவித்தொகை நிறுத்தப்பட்டவர்களின் பெயர்களை மறுத்துவிட்டார்கள், மாதவாரியாகக் கிராமவாரியாக எண்ணிக்கை கேட்டபோது கொடுத்துவிட்டார்கள். ஒரே மாதத்தில் ஒரே கிராமத்தில் கொத்தாக நின்றிருந்தால் அதற்குப் பெயர் தேவையில்லை.

இரண்டாவது வழி 8(2). திருத்தம் அதைத் தொடவில்லை. எந்த விலக்கு இருந்தாலும், வெளியிடுவதால் வரும் பொதுநலன் அதனால் வரும் தீங்கைவிட அதிகமென்றால் அலுவலகம் தகவலைத் தரலாம் என்று அது இன்னும் சொல்கிறது. மறுக்கும் அலுவலர்தான் தன் மறுப்பு சரியென்று நிரூபிக்க வேண்டும் என்கிற 19(5) பிரிவும் இருக்கிறது. இந்த இரண்டையும் 10-ஆம் பிரிவோடு, அதாவது மறைக்க வேண்டிய பகுதியை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தரவேண்டும் என்பதோடு, சேர்த்து எழுத வேண்டும். முதல் மேல்முறையீட்டில் நாங்கள் இப்போது போடும் பத்தி இதுதான், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்:

“கோரப்பட்ட ஆவணம் பொது நிதியின் செலவினம் தொடர்பானது. இதில் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண், வீட்டு முகவரி ஆகியவற்றை 10-ஆம் பிரிவின்படி மறைத்துவிட்டு எஞ்சிய பகுதியை வழங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எஞ்சிய பகுதியை வெளியிடுவதால் எவருக்கு, என்ன தீங்கு நேரும் என்று பொதுத் தகவல் அலுவலர் தம் பதிலில் குறிப்பிடவில்லை. 8(2) பிரிவின்படி பொதுநலனைப் பரிசீலித்ததற்கான குறிப்பு கோப்பில் இருந்தால் அதன் நகலையும், இல்லையெனில் அவ்வாறு பரிசீலிக்கப்படவில்லை என்பதையும் தங்கள் ஆணையில் பதிவு செய்யுமாறு வேண்டுகிறேன்.”

கடைசி வாக்கியத்தை யாரும் வெட்டிவிடாதீர்கள். பரிசீலிக்கவில்லை என்று ஆணையில் ஒருமுறை பதிவாகிவிட்டால், ஆணையத்திலோ உயர் நீதிமன்றத்திலோ வழக்கு அங்கிருந்து தொடங்கும்.